சீலை வெட்டி எறியலாமா? ட்ரைசூட் கையுறை, மணிக்கட்டு சீல் பற்றி ஒரு இழை

கேள்வி, செப்டம்பர் 2

அண்ணே, நமக்கு குளச்சல். நவம்பர்ல நார்வே போறேன், சால்மன் பண்ணையில டைவர் வேலை. வலையைப் பாக்கணும், கிழிசல் தைக்கணும், செத்த மீனை எடுக்கணும். தண்ணி 5, 6 டிகிரிதான் இருக்குமாம். ட்ரைசூட், அதான் தண்ணி உள்ள புகாத டைவிங் சூட், அவங்க தருவாங்க. கையுறையும் மணிக்கட்டு சீலும் (சூட் கை முனையில தோலோட ஒட்டி தண்ணியைத் தடுக்கிற ரப்பர் உறை) நம்ம பாடு. அங்க இருக்கிற ஒருத்தர் சொல்லுறார்: சீலை வெட்டி எறிஞ்சிரு, சூட் கையோட பூட்டுற வளையம் வச்ச, தண்ணி புகாத உலர்கையுறை மட்டும் போதும், கை மரத்துப்போகாது, காத்தும் தானா போய்வரும்னு. சரியா?

செப்டம்பர் 2, இரவு

வெட்டாதீங்க தம்பி. மத்ததைப் பிறகு பேசுவோம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. சீல் இல்லாவிட்டால் சூட்டுக்குள் இருக்கிற காற்று தங்குதடையில்லாமல் கையுறைக்குள் போகும். கை சூடாக இருக்கும், மணிக்கட்டை எதுவும் இறுக்காது. நல்ல சுகம். ஆனால் அப்போது உங்களுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரைச் சுற்றின பிவிசி மட்டும். உங்கள் வேலையோ கத்தி, ஊசி, வலைக்கயிறு, அறுத்துவிட்ட பிளாஸ்டிக் கேபிள் டையின் கூர்முனை. கையுறை ஓட்டையாகும். ஆகுமா ஆகாதா என்பதல்ல, எந்த வாரம் என்பதுதான் கேள்வி. சீல் இருந்தால் ஒரு கை நனையும், ஏறி வந்து கையுறையை மாற்றிக்கொண்டு திரும்பலாம். சீல் இல்லாவிட்டால் கை, தோள், மார்பு என்று சூட்டுக்கு அடியில் போடுகிற தடித்த உள்ளாடை முழுக்க ஊறும். உங்களைச் சூடாக வைப்பது உள்ளாடைக்குள் நிற்கிற காற்று. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். 5 டிகிரியில் அதற்கு என்ன அர்த்தம் என்று பார்த்துக்கிடுங்க.

கையுறை தேயும் பொருள், மாதத்துக்கு ஒன்று போனாலும் போகட்டும். சீல் அப்படியில்லை. சீலை முதலில் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பொருந்தும் வளையம் அடுத்து, கையுறை கடைசி. எல்லாரும் கையுறைப் படத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, பிறகு வளையம் சூட்டில் ஏறவில்லை என்று முழிப்பார்கள்.

செப்டம்பர் 2, கொஞ்சம் கழித்து

தலைப்பைப் பார்த்துவிட்டு ஒருவர் “சீலை வெட்டுறதுன்னா துணிக்கடை இழையாக்கும்னு வந்தேன்” என்று எழுதியிருக்கிறார். கொள்ளாம். இருந்துவிட்டுப் போங்க, கத்தரிக்கோல் பேச்சும் வரும்.

செப்டம்பர் 3

அளவு எடுப்பது. மணிக்கட்டை மட்டும் அளந்து அனுப்பாதீர்கள். மூன்று அளவு வேண்டும்.

ஒன்று, மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, முழங்கைப் பக்கமாக, சுற்றளவு. சீல் உட்கார வேண்டிய இடம் அதுதான், எலும்பின் மேல் இல்லை. இரண்டு, வளையல் போடுகிறபோது குவிக்கிற மாதிரி கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைக் குவித்து, அகன்ற இடத்தில் சுற்றளவு. வளையத்துக்குள் நுழையப்போவது அது. மூன்று, உள்ளாடைக் கையை மாட்டிக்கொண்டு அதே அளவு மறுபடியும்.

வளையத்தின் உள்விட்டம் 90 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் உள்சுற்றளவு 283 மி.மீ. குவித்த கை 250 என்றால் தாராளம். தடித்த உள்ளாடையோடு 275 வந்தால் போடும்போது நுழையும், கழற்றும்போது வியர்வையில் வீங்கின கை மாட்டிக்கொள்ளும். அப்படியானால் ஒரு அளவு பெரிய வளையம், இல்லாவிட்டால் முட்டைவடிவ வளையம். கையும் வட்டமில்லையே, தட்டைதானே. அதனால் முட்டைவடிவம் கொஞ்சம் குறைந்த பருமனில் அதே கையை உள்ளே விடும்.

சூட்டின் கை நீளத்தையும் பாருங்கள். வளையம் மணிக்கட்டு எலும்புக்கு நாலு விரல் மேலே நிற்க வேண்டும். சூட் கை நீளமாக இருந்தால் வளையத்தின் எடையில் அது உள்ளங்கைப் பக்கம் சரியும். சீல் எலும்பின் மேல் வந்து நிற்கும், அங்கே தண்ணீர் வடியும். ஆள் சீல் சரியில்லை என்று சீலைத் திட்டுவார்.

செப்டம்பர் 3, இரவு

எலும்பின் மேல் ஏன் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். முஷ்டியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் இரண்டு கயிறு எழும்பும், கயிறுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம்தான் வாய்க்கால். சும்மா இருக்கும்போது ஒரு சொட்டு வராது, கத்தியைப் பிடித்தவுடன் வரும். கடியப்பட்டணம் பாறையில் சிப்பி பறித்து உரமேறின கையில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். மேலே போகப்போக கயிறு சதைக்குள் மறைந்துவிடும், அங்கே சீல் ஒட்டி நிற்கும். தோலோடு ஒட்டுகிற நீளம் 4, 5 செ.மீ. இருந்தால் இறுக்கம் குறைவாக இருந்தாலும் போதும். கட்டையான சீலை இறுக்கமாகப் போடுவதைவிட நீளமான சீலைத் தளர்வாகப் போடுவது நல்லது. கையுறைக்குள் விரல் குளிர்வதற்குப் பாதிக் காரணம் ரத்தம் போகாததுதான்.

செப்டம்பர் 5

பொருள் விஷயம். மூன்று வகை.

லேட்டக்ஸ். நம்ம குலசேகரத்திலும் அருமனையிலும் சிரட்டையில் வடிகிற அதே ரப்பர் பால், பதப்படுத்தியது. நன்றாக இழுபடும், விலை குறைவு, கிழிவது மெதுவாக. சூரியன், ஓசோன், எண்ணெய், செம்பு இந்த நாலும் எதிரி. செம்பு ரப்பரைக் கெடுக்கும் என்பது தோட்டக்காரர்களுக்குப் புதிதில்லை. மழைக்கு முன் மரத்துக்கு அடிக்கிற, செம்பு கலந்த துருசு மருந்து பாலில் கலந்துவிட்டால் ரப்பர் ஷீட் பிசுபிசுத்துப் போகும். சீலுக்கும் அதே கதி. செம்புக் காப்பு போட்டிருந்தால் கழற்றி வீட்டில் வையுங்கள்.

சிலிக்கோன். மென்மை, தோல் அரிக்காது, வெயிலுக்கும் ஓசோனுக்கும் அசையாது. ஆனால் நகம் ஒரு கீறல் போட்டால் அது நேரே ஓடிக் கிழியும். சாதாரணப் பசை எதிலும் ஒட்டாது, ஆகவே சூட்டில் வளையம் இருந்தே ஆக வேண்டும். அதுவே அதன் பெருமையும். படகிலேயே ஐந்து நிமிடத்தில் கிழிந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். லேட்டக்ஸைப் பசை போட்டு ஒட்டினால் காய ஒரு நாள் போகும்.

நியோப்ரீன், நுரை ரப்பர். கெட்டி, வெதுவெதுப்பு. ஆனால் வளையம் வைத்த உலர்கையுறையோடு ஒத்துப்போகாது. அதற்கு மேல் போடுவது 5 மி.மீ. அல்லது 7 மி.மீ. ஈரக் கையுறை, தண்ணீரை உள்ளே விடுகிறது. உங்கள் வேலைக்கு ஊசி பிடிக்க வேண்டும், இதை விட்டுவிடுங்கள்.

என் தேர்வு லேட்டக்ஸ், பைக்குள் ஒரு ஜோடி உபரி.

செப்டம்பர் 6

தேங்காய் எண்ணெய் பற்றி மூன்று பேர் கேட்டாச்சு. “சீல் ஏறவில்லை என்றால் ரெண்டு சொட்டு தடவலாமா?” கூடாது. எண்ணெய் லேட்டக்ஸுக்குள் இறங்கி ஊதவைக்கும், பிறகு தளரும். தலையில் தேய்த்த கையாலேயே சீலைப் பிடிப்பதுகூட வேண்டாம், சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். வாசலினும் அப்படித்தான், வெயிலுக்குப் பூசுகிற கிரீமும் அப்படித்தான்.

லேட்டக்ஸுக்கு வாசனையில்லாத டால்க் பவுடர். முகத்துக்குப் போடுகிற பூ வாசனைப் பவுடரில் வாசனைத் தைலம் கலந்திருக்கும், அதுவும் எண்ணெய்தான். சிலிக்கோனுக்குப் பவுடரே வேண்டாம், சோப்புத் தண்ணீர் தொட்டால் வழுக்கும். சிலிக்கோன் சீலில் சிலிக்கோன் ஸ்பிரே அடிக்காதீர்கள். இனம் இனத்தோடு சேரும் என்று நினைப்பார்கள், அது சேர்ந்து ஊதிப்போகும்.

செப்டம்பர் 8

அமுக்கம். இதை முந்தியே எழுதியிருக்க வேண்டும்.

சீல் இருக்கிறது, அதற்கு மேல் கையுறை பூட்டியாச்சு. இப்போது கையுறைக்குள் இருக்கிற காற்றுக்கும் சூட்டில் இருக்கிற காற்றுக்கும் வழியில்லை. மேலே 200 மி.லி. காற்று இருந்தால் 10 மீட்டரில் 100, 20 மீட்டரில் 67, 30 மீட்டரில் 50. கையுறை சுருங்கி விரலைப் பிடித்து நெரிக்கும். உள்ளே போட்ட கம்பளி நசுங்கிச் சூடும் போய்விடும். பண்ணை வலையின் அடி சில இடங்களில் 30 மீட்டரும் தாண்டும்.

வழி இதுதான்: 10 செ.மீ. நீளத்தில் மெல்லிய சிலிக்கோன் குழாய், 4 மி.மீ. தடிமன், சீலுக்கு அடியில் செருகுவது. ஒரு முனை கையுறைக்குள், மறுமுனை சூட் கைக்குள். காற்று போய்வரும். மணிக்கட்டின் மேல்பக்கத்தில், கடிகாரம் கட்டுகிற பக்கத்தில் வையுங்கள், உள்பக்கத்துப் பள்ளத்தில் வேண்டாம். கையுறை ஓட்டையானால் குழாயை உருவிவிடலாம்.

செப்டம்பர் 9

நேற்று எழுதின கடைசி வரி மடத்தனம். குழாய் இருப்பது பூட்டின கையுறைக்குள். தண்ணீருக்கடியில் அதை எப்படி உருவுவது? முடியாது. தட்டிக்கேட்ட மணவாளக்குறிச்சிக்காரருக்கு நன்றி.

ஆக, குழாய் வைத்தால் சீலில் நாமே ஒரு ஓட்டை போட்டிருக்கிறோம். அப்படியானால் சீலை வெட்டினவர் சொன்னது சரியா? இல்லை. 4 மி.மீ. குழாயில் வருவதும் திறந்த கைவழியாக வருவதும் ஒன்றல்ல. குழாயில் முழங்கை வரை நனைவதற்குள் ஏறிவிடலாம். இன்னும் மெதுவாக வேண்டுமென்றால் குழாய்க்குப் பதில் கம்பளி நூலை இரண்டு மூன்று இழை முறுக்கிச் செருகலாம். காற்று கசியும், தண்ணீர் ஊறித்தான் வரும். ஆனால் சடசடவென்று இறங்கினால் நூல் ஈடுகொடுக்காது, பையப் பைய இறங்க வேண்டும். உள்ளாடையின் கட்டைவிரல் வளையத்தைச் சீலுக்கு அடியில் விடுகிறவர்களும் உண்டு. அது குழாய்க்கும் நூலுக்கும் நடுவில்.

உங்களுக்கு என் யோசனை நூல்.

ஓட்டை விழுந்துவிட்டால் ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். கிழிந்த கையை மார்புக்கு மேலே தூக்கினால் உள்ளிருக்கிற காற்று ஓட்டை வழியே குமிழியாக வெளியேறும், தண்ணீர் வராது. கீழே தொங்கவிட்டால் தண்ணீர் ஏறும். தூக்கிப் பிடித்தால் சூட் காற்று குறைந்துகொண்டே போகும், ஊட்ட வேண்டியிருக்கும். ஆகவே அது வேலையைத் தொடர்வதற்கு இல்லை, ஏறிவருவதற்கு.

செப்டம்பர் 9, இரவு

“சூட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் எடையில் மூழ்கிடுவோமே?” தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை கிடையாது. படகில் ஏறும்போதுதான் ஆளைத் தூக்க ரெண்டுபேர் வேணும். பெரிய ஆபத்து குளிர்.

செப்டம்பர் 12

வளையங்கள். ஸ்வீடன் கம்பெனி சைடெக், பிறகு குபி, இந்த இரண்டு பெயர் அடிக்கடி காதில் விழும். குபி அலுமினிய வளையம், ஓ-ரிங் என்கிற மெல்லிய ரப்பர் வளையம் போட்டு அழுத்தினால் பூட்டும், இழுத்தால் திறக்கும். சைடெக்கில் பிளாஸ்டிக் வளையங்கள், பல மாதிரி. பெயரைவிட முக்கியம், ஒன்றின் கையுறை வளையம் மற்றதில் பூட்டாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நார்வேயில் அந்தப் படகில் மற்றவர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே வாங்குங்கள். ஓ-ரிங் அறுந்தால் பக்கத்துக்காரன் பையிலிருந்து வரும். இணையத்தில் ஒப்பிடுவதைவிட இது பெரிய காரணம்.

பூட்டும் வகையில் கவனிக்க வேண்டியது: முதல் கையுறை சுலபம், இரண்டாவதை ஏற்கெனவே கையுறை போட்ட கையால் பூட்ட வேண்டும். திருகிப் பூட்டுவது நழுவி விளையாடும். அழுத்திப் பூட்டுவதை வயிற்றில் வைத்து அமுக்கலாம். பூட்டின பிறகு இரண்டு இடத்தில் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதி பூட்டின வளையம் குதிக்கும்போது திறக்கும்.

கசிவில் பாதிக்குக் காரணம் ஓ-ரிங்கில் குறுக்கே கிடக்கிற ஒரு நூல். உள்கையுறையின் கம்பளி இழை, தலைமயிர், மணல். அந்த இழை திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு முறையும் விரலால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். கிரீஸ் பளபளப்புத் தெரிகிற அளவு போதும், அப்பிவைத்தால் மணல்தான் ஒட்டும்.

செப்டம்பர் 13

கையுறை. நீலநிறப் பிவிசி, ஷோவா கம்பெனியுடையது மாதிரி, மீன்வேலைக்காரர்கள் போடுகிறதுதான். உள்ளே துணி ஒட்டியிருக்கிறதா, தனியாகக் கழற்றலாமா என்று பாருங்கள். கழற்றுவதை வாங்குங்கள், உலர்த்த முடியும். ஒட்டியிருப்பது ஒருமுறை நனைந்தால் அந்தக் குளிரில் காயவே காயாது. உள்ளுக்கு மெரினோ கம்பளி, பருத்தி வேண்டாம். ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், இறுக்கமான கையுறைக்குள் தடித்த கம்பளி போடுவதால் பயனில்லை. கையின் தோல் 15 டிகிரிக்குக் கீழே போனால் முடிச்சுப் போடுகிற நுணுக்கம் விரலைவிட்டுப் போய்விடும்.

மார்த்தாண்டம் சந்தையில் பாத்திரம் கழுவுகிற மஞ்சள் கையுறையை வளையத்தில் மாட்டலாமா? மாட்டலாம், வாளியில் பழகுவதற்கு. வேலைக்கு வேண்டாம்.

உங்கள் வேலைக்கு இதையும் சேருங்கள்: மேலே ஒரு வெட்டுத் தாங்கும் பின்னல் கையுறை. கண்ணாடி வேலைக்காரர்கள் போடுவது, விலை அதிகமில்லை. ஊசிமுனையை முழுக்கத் தடுக்காது. கத்திக் கீறலையும் டை முனையையும் தடுக்கும்.

செப்டம்பர் 17

வீட்டிலேயே சோதிப்பது. கையுறையை வளையத்தோடு ஊதி, வாயை முறுக்கிப் பிடித்து, வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். சைக்கிள் கடையில் டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான், குமிழி எங்கே என்று பேனாவால் வட்டம் போடுங்கள். விரலிடுக்கை விரித்துப் பாருங்கள், ஓட்டை பெரும்பாலும் அங்கே ஒளிந்திருக்கும். பஞ்சர் கடை சொல்யூஷன் பிவிசியில் நிற்காது, பாலியூரித்தேன் பசை வேண்டும். சிலிக்கோன் சீல் கிழிந்தால் ஒட்ட நினைக்காதீர்கள்.

சீல் வெட்டுவது: புதுச் சீல் இறுக்கும். உடனே கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். லேட்டக்ஸ் என்றால் மணிக்கட்டு அளவுள்ள பாட்டிலில் ஒரு ராத்திரி மாட்டிவையுங்கள், கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பிறகு போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்காருங்கள். விரல் நிறம் மாறினாலோ, எறும்பு ஊர்வது போல் இருந்தாலோ ஒரு வரி வெட்டுங்கள். சீலில் வட்டமாக மேடுகள் இருக்கும், அதுதான் வரி. பாட்டிலில் மாட்டி, புது பிளேடால், ஒரே இழுப்பில் சுற்றி வரணும். நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் ஒரு சின்னப் பல் விழும். கிழிசல் தொடங்குவது அந்தப் பல்லில். ஒரு வரி வெட்டி மறுபடி கால் மணி நேரம். ரெண்டு வரி சேர்த்து வெட்டினவர்கள் எல்லாரும் புதுச் சீல் வாங்கினவர்கள்.

செப்டம்பர் 21

5-ஆம் தேதி லேட்டக்ஸ் என்றேன். மாற்றிக்கொள்கிறேன். அந்த உபரி ஜோடி இங்கே விடுப்புக்கு வரும்போதும் பையில் கூடவே வரும். சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரைக்கு அடியில் பரணில் கிடந்தால் லேட்டக்ஸ் ஒரே கோடையில் பசையாகும். பக்கத்தில் மிக்ஸி ஓடினால் அதன் பிரஷ் தீப்பொறியில் ஓசோன் வேறு. வெல்டிங் பட்டறை பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். வளையம் வாங்கத்தான் போகிறீர்கள், அப்புறம் என்ன, சிலிக்கோனே போடுங்கள், ரெண்டு ஜோடி உபரியோடு. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். லேட்டக்ஸ்தான் என்று அடம் பிடிப்பவர்கள் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, டால்க் போட்டு, காற்றுப் புகாத பையில் தகரப் பெட்டிக்குள் வையுங்கள். கடற்கரைக் கிணற்றின் உப்புத்தண்ணீரில் கழுவுவது கழுவாததற்குச் சமம்.

செப்டம்பர் 22

“நம்ம கடல்ல இதையெல்லாம் போட்டா?” வெந்துபோவீர்கள். ஆனி ஆடியில் அடித்தண்ணீர் மேலேறிக் குளிரும்போதுகூட இங்கே 20-க்கு மேலேதான். சூட்டை அனுப்புகிறவர்கள் இங்கே பழகச் சொன்னால் வாளியோடு நிறுத்துங்கள்.

செப்டம்பர் 26

உள்ளே ஈரமாக இருக்கிறது, கசிவா வியர்வையா? நக்கிப் பார்த்துப் பயனில்லை, ரெண்டும் உப்பு. உள்கையுறையை வெளியே எடுத்து எங்கே நனைந்திருக்கிறது என்று பாருங்கள். கை முழுக்க ஒரே சீராக நமுத்திருந்தால் வியர்வை. ஒரு விரல்நுனி மட்டும் சொட்டினால் கையுறையில் ஓட்டை. வளையத்தைச் சுற்றி நனைந்து விரல் காய்ந்திருந்தால் ஓ-ரிங். கையுறை காய்ந்து சூட் கை மட்டும் நனைந்திருந்தால் சீலைத் திட்டாதீர்கள், சூட்டின் தையலையோ தோள் வால்வையோ பாருங்கள்.

கையைத் தலைக்கு மேலே தூக்கி வலை தைக்கும்போது காற்றெல்லாம் கையுறைக்கு ஏறிப் பூரி மாதிரி உப்பும். ஊசி பிடிபடாது. கையை இறக்கி, முஷ்டியை ரெண்டு முறை மூடித்திறந்தால் காற்று திரும்பிப் போகும். நூல் வைத்திருந்தால் அது மெதுவாகத்தான் போகும், பொறுங்கள்.

செப்டம்பர் 29

ஒரு திருத்தம். குழாய் போடுகிறவர்களுக்கு 10 செ.மீ. என்று எழுதியிருந்தேன். எல்லாச் சீலுக்கும் அது போதாது. உங்கள் சீல் தோலில் ஒட்டுகிற நீளத்தை அளந்து, இரு பக்கமும் 3 செ.மீ. கூட்டுங்கள். 5 செ.மீ. ஒட்டினால் 11. நூலுக்கும் அதே அளவு. சூட் பக்கத்து முனை உள்ளாடைத் துணிக்கு மேலே வெறுமனே நிற்கட்டும். மடிப்புக்குள் சொருகிவிட்டால் அடைத்துக்கொள்ளும், 8 மீட்டரில் விரல் நெரியும்போதுதான் தெரியும்.